அத்தை பேரில் எட்டு வருஷம்

பதினெட்டு வயதில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்புவதற்கு ஒரு காரணமும் கிடையாது. நான் படித்தது முழுக்க மலாய் மீடியம். ஆங்கிலம் ஒரு பாடம், அதுவும் மழை பெரிதாகப் பிடித்துக்கொண்டால் வாத்தியாருக்கு பஸ் கிடைக்காது, பாடம் இருக்காது. கேமரன் மலையில் மழை பெரிதாகப் பிடிக்காத நாள் எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், ஃபார்ம் ஃபைவ் முடித்த முதல் பெண் நான்தான். தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட் வேலையும் கிடைத்தது. தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

எண்பதுகளின் தொடக்கம் அது. ரிங்லெட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் தேயிலைத் தோட்டம். வெள்ளைக்காரர்கள் போய் வெகு காலம் ஆகியிருந்தாலும் மேனேஜரை எல்லோரும் துரை என்றே கூப்பிட்டார்கள். அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஆபீஸ் கடிதங்கள் இன்னும் ஆங்கிலத்தில்தான் போய்க்கொண்டிருந்தன. முக்கியமான கடிதங்களைப் பெரிய கிராணி, அதாவது எங்கள் தலைமை குமாஸ்தா, பென்சிலில் எழுதித் தருவார். நான் டைப் அடிப்பேன். சாக்கு வந்து சேரவில்லை, மோட்டார் பழுது என்பது மாதிரிச் சில்லறைக் கடிதங்களை நானே எழுதி அடிக்க வேண்டும். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஆங்கிலத்தில் நடந்து முடிந்த எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஆல்ரெடி. லோரி கோ ஆல்ரெடி. ஐ ஈட் ஆல்ரெடி லா. சீனத் தோட்டக்காரரோடும் மலாய் டிரைவரோடும் பேச அது போதும், ஒரு குறையும் இல்லை. ஆனால் ஆபீஸ் காகிதத்தில் அதைப் போட முடியாது. அதற்குப் பதிலாக நான் ஹேவ் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். வெறுமனே ‘பார்த்தேன்’ என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறதே, நடுவில் ஒரு ஹேவ் போட்டால் படித்தவள் எழுதினது மாதிரி இருக்குமே என்ற எண்ணம். முகத்துக்குப் பவுடர் போடுகிற மாதிரி எல்லா வாக்கியத்துக்கும் ஹேவ் போட்டேன். நேற்று லோரி வந்தது என்பதற்கும் ஹேவ். போன மாதம் கூரை ஒழுகியது என்பதற்கும் ஹேவ்.

பெரிய கிராணி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சிவப்புப் பென்சிலால் அந்த ஹேவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் தப்பு என்று கேட்டால் மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்து எடுத்துவிட்டால், அடுத்த கடிதத்தில் ஹேவ் இல்லாத இடத்தில் வட்டம் இருக்கும். மனுஷன் வேண்டுமென்றே என்னை அலைக்கழிக்கிறார் என்று முடிவு செய்தேன். முப்பது வருஷமாக ஒரு பிழை இல்லாமல் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் எழுதியவர் என்று அவரைப் பற்றித் தோட்டமே சொல்லும். அவரும் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. அது எப்போது முடியும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அடுத்த டிவிஷனின் உதவி மேனேஜர் டெலிபோனில் கூப்பிட்டு, துரை கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். துரை காலையில் வந்தார், மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு உடனே ஃபேக்டரிக்குக் கிளம்பிவிட்டார். நான் மிடுக்காக, ‘மேனேஜர் ஹேஸ் கம், சார்’ என்றேன். அந்த மனுஷர் மோட்டார் சைக்கிளில் கொட்டுகிற மழையில் வந்து சேர்ந்தார். துரை இல்லை. ஆபீஸ் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் தண்ணீர் தேங்கியது. பெரிய கிராணி அதை எட்டிப் பார்த்தார். துடைப்பத்தை எடுத்து என் மேசைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார், அவ்வளவுதான்.

எனக்கு விஷயம் விளங்கியது எங்கள் வீட்டு அடுப்படியில். மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அம்மா உள்ளே இருந்தபடியே, ‘கியா பார்ம்ல இருந்து சித்தப்பா வந்திருக்காரு, அரிசி கூட ஒரு டின் போடு’ என்றாள். டின்னைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சித்தப்பா வந்தார் என்று அம்மா சொல்லியிருந்தால் நான் கூடுதல் அரிசி போட்டிருக்கமாட்டேன். வந்தார், போனார், கதை முடிந்தது. வந்திருக்கிறார் என்றால் ஆள் இன்னும் இருக்கிறார், அவருக்குச் சோறு போட வேண்டும். ஹேஸ் கம் என்பதும் இந்த ‘வந்திருக்கிறார்’தானே, இவ்வளவுதானா? பிறந்ததிலிருந்து என் வாயில் இருந்த ஒன்றுக்காகவா இத்தனை வட்டம் வாங்கினேன்? சித்தப்பாவுக்குச் சோறு போட்டபோது சிரிப்பு வந்தது. அவர் என்ன என்று கேட்டார், இன்னொரு கரண்டி போட்டேன்.

அதற்குப் பிறகு வட்டங்கள் பாதியாகக் குறைந்தன. முழுதாகப் போகவில்லை. ஆங்கிலம் நம் வீட்டு மருமகள் இல்லை, நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட. நேற்று என்றோ போன வாரம் என்றோ நாளைக் குறிப்பிட்டுவிட்டால் ஹேவ் உள்ளே வராது என்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் பயம் போய்விட்டது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அடிக்கும் முன் எனக்கு நானே கேட்டுக்கொள்வேன்: ஆள் போயாச்சா, இன்னும் இருக்கா?

இந்தக் கேள்வியோடு நான் விளையாடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அம்மாவின் குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்தது.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு மட்டும் சிவப்பு அடையாளக் கார்டு. நான் இங்கே பிறந்தவள், பிறப்புச் சான்றிதழ் உண்டு, நீலக் கார்டு, குடியுரிமை. அப்பாவும் நீலக் கார்டுதான். ஆனால் நான் ஃபார்ம் த்ரீ படிக்கும்போதே நெஞ்சு வலியில் போய்விட்டார். கோயிலில் தாலி கட்டியதற்குத் தாள் ஒன்றும் வாங்கி வைத்திருக்கவில்லை. அதனால் அப்பா வழியாக அம்மாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சிவப்புக் கார்டுக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் லயத்திலேயே அப்படிப் புதுப்பிக்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறிய குடும்பங்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் பெர்மிட் முடிகிற மாதம் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. நீலக் கார்டு வந்தால் அந்தப் பயம் செத்துவிடும். அதனால்தான் விண்ணப்பம் போட்டோம்.

திரும்பி வந்த தாளோடு ஒரு குறிப்பு இணைக்கப்பட்டிருந்தது. அம்மா சின்னப் பிள்ளையாகத் தன் அப்பாவோடு கப்பலில் வந்ததற்கும், பதிமூன்று வயது வரை இங்கே இருந்ததற்கும் பதிவு இருக்கிறது. இருபத்தொரு வயதிலிருந்து தோட்டத்தில் வேலை செய்வதற்கும் பதிவு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எட்டு வருஷம் அவள் எங்கே இருந்தாள்? இந்தியாவுக்குத் திரும்பிப் போய்விட்டு வந்தாளா? இல்லையென்றால் தோட்டத்திலிருந்து அத்தாட்சிக் கடிதம் கொண்டு வரவும்.

இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். ஆபீசில் வேலை செய்கிறவள் நான். கடிதத்தை நானே அடித்துவிடலாம். இந்தத் தோட்டத்தில் இன்ன வருஷத்திலிருந்து வேலை செய்திருக்கிறாள் என்று அழகாக ஒரு ஹேஸ் போட்டு எழுதி, பெரிய கிராணியிடம் கொடுத்தேன். அதில் வட்டம் இல்லை. தாளை மடித்து அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தார். செக்ரோலில் இருப்பதைத்தான் எழுத முடியும், அந்த எட்டு வருஷம் உன் அம்மா பேர் செக்ரோலில் கிடையாது என்றார். செக்ரோல் என்பது தினமும் வேலைக்கு வந்தவர்களின் பேர்ப் பதிவு. நான் நம்பவில்லை. மத்தியானம் ஸ்டோரில் ஏறிப் பழைய புத்தகங்களை இறக்கிப் பார்த்தேன். பூச்சி அரித்த தாள்களில் வரிசையாகப் பேர்கள். அம்மாவின் அத்தை பேர் இருந்தது, ஒவ்வொரு மாதமும் இருந்தது. அம்மா பேர் இல்லை.

சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். அவள் கூடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

பிறகு சொன்னாள். அவளுக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது அவள் அத்தையும் மாமாவும் இந்தியாவில் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். போனவளின் பேரைக் கங்காணி, அதாவது வேலைக் கூட்டத்தை மேய்க்கிறவர், புத்தகத்திலிருந்து அடித்து எடுக்கவில்லை. பேரை அடித்தால் அவருடைய கூட்டத்தில் ஒரு ஆள் குறையும், தலைக்கு இவ்வளவு என்று அவருக்கு வருகிற காசும் குறையும். புதிதாகச் சேர்க்கலாமென்றால் பதிமூன்று வயதுப் பிள்ளையைத் துரை ஒத்துக்கொள்ளமாட்டார். அதனால் கங்காணி அம்மாவைக் கூப்பிட்டு, அத்தை பேரைக் கூப்பிட்டா நீ குரல் குடு என்று சொல்லிவிட்டார். அம்மா மட்டுமில்லை, அந்தக் காலத்தில் அந்த லயத்தில் நாலைந்து பேர் அப்படி ஊருக்குப் போனவர்கள் பேரிலும் செத்தவர்கள் பேரிலும் கொழுந்து எடுத்தார்கள். பேர் கூப்பிடுகிறபோது யாராவது ஒருத்தி குரல் கொடுக்க வேண்டும், கூடை நிறைய வேண்டும். யார் என்று எவர் கேட்டார்கள்? கல்யாணம் ஆன பிறகுதான் அப்பா போய்ச் சண்டை போட்டு அம்மா பேரைச் செக்ரோலில் ஏற்றினார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. எட்டு வருஷம் மலையில் நனைந்தது இவள், இருந்தது இன்னொருத்தி என்று தாள் சொல்கிறது. இதை அப்படியே எழுதிக் கொடுப்போம் என்றேன். அம்மா பயந்துவிட்டாள்.

‘வேணாம்டி. அடுத்தவ பேருல ஏமாத்தி வேல செஞ்சேன்னு புடிச்சிட்டா? உள்ள பெர்மிட்டும் போயிரும். சிவப்போடயே கெடக்குறேன் விடு.’

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் கோபம். உண்மையைச் சொன்னால் இருப்பதும் போகலாம். சொல்லாவிட்டால் அந்த எட்டு வருஷம் இந்தியாவில் இருந்தவளாக ஆகிவிடுவாள், நீலக் கார்டு கனவுதான். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. நான் கத்துவேன், அவள் வெங்காயம் உரிப்பாள்.

ஆபீசிலும் நான் சும்மா இருக்கவில்லை. அந்தப் பழைய செக்ரோல் யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும். தினமும் சிவப்புப் பென்சிலில் பார்க்கிற கையெழுத்துத்தானே. அப்போது அவர் சின்னக் கிராணி, கல்யாணமாகாத வாலிபர். கங்காணி பேர் சொல்லச் சொல்ல எழுதியது அவர். அத்தை பேருக்கு ஒரு சின்னப் பெண் குரல் கொடுத்ததை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இதை நான் அவர் மேசைக்கு முன்னால் நின்று, வார்த்தையைக் கொஞ்சமும் அளக்காமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. புத்தகத்தில் இல்லாததைத் தான் பார்த்ததில்லை என்று மட்டும் சொன்னார். பிழையில்லாத முப்பது வருஷம் அவருக்கு எவ்வளவு பெரிது என்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று, இந்த ஆள் தன் பெருமைக்காக என் அம்மாவைக் கைகழுவுகிறார் என்றுதான் தோன்றியது. அழுகையை அடக்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். டைப்ரைட்டரை அன்றைக்கு நான் அடித்த அடியில் இரண்டு எழுத்து வளைந்துபோனது.

அதை யாரோ போய் அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். பெரிய கிராணியிடம் மகள் சண்டைக்குப் போனாள் என்று கேட்டதும் அம்மாவுக்குத் தன் பயத்தைவிட என் வேலை போய்விடுமோ என்ற பயம் பெரிதாகிவிட்டது. மறுநாள் மத்தியானம், கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், காலில் மண்ணோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. மகள் வயசுக் கோளாறில் பேசிவிட்டாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் பரவாயில்லை என்று தலையசைத்தார். அம்மா போகாமல் நின்றாள். பிறகு, தரையைப் பார்த்தபடி, நான் அப்போ இங்கதாங்க இருந்தேன் என்றாள். அதற்குச் சாட்சியாக அவள் சொன்னது வருஷமும் தேதியும் இல்லை. அதெல்லாம் அவளுக்குத் தெரியாது. விறகைச் சொன்னாள்.

தேயிலைச் செடியை அப்படியே விட்டால் மரமாகிவிடும். சில வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மலையாக எடுத்து, செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார்கள். கவ்வாத்து என்று அதற்குப் பேர். வெட்டுவது ஆண்கள். வெட்டி விழுந்த குச்சிகளைப் பொறுக்கிக் கட்டிச் சுமந்து வருவது பெண்களும் பிள்ளைகளும்; அந்த மலைக்குளிரில் அடுப்பு எரிவது அந்த விறகில்தான். அதனால் எந்த மலைக்கு எப்போது கவ்வாத்து என்பது பெண்களுக்கு மறக்காது. அம்மா, தன் அத்தை ஊருக்குப் போன வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலில் நாலாம் நம்பர் மலை. அடுத்து பதினொன்று, அந்த விறகு ஈரமாக இருந்து வீடு முழுக்கப் புகை. அதற்கடுத்து இரண்டாம் நம்பர். பெரிய கிராணி எழுந்து, அலமாரியிலிருந்து பழைய ஃபீல்டு புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். எந்த மலையில் எப்போது என்ன வேலை நடந்தது என்று எழுதும் புத்தகம் அது. அம்மா சொல்லச் சொல்ல அவர் விரல் கீழே இறங்கியது.

ஆறாவது வருஷத்தில் விரல் நின்றது. அம்மா ஒன்பதாம் நம்பர் மலை என்றாள். புத்தகத்தில் ஆறாம் நம்பர் என்று இருக்கிறதே, ஒன்பது அதற்கு அடுத்த வருஷம்தானே என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

அம்மா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள்.

‘இல்லீங்கய்யா. அந்த வருஷம் மழையில ஆறாம் நம்பர் ரோடு சரிஞ்சி போச்சி. ஆளு ஏற முடியல. அதனால ஒம்பத மொதல்ல வெட்டுனாங்க. மேல இருந்து வந்த பிளான்ல ஆறுன்னு இருந்துச்சி, நீங்க அப்படியே எழுதிட்டீங்க. விறகு நான் ஒம்பதுல இருந்துதான் தூக்குனேன். வழுக்கி விழுந்தேன், நீங்கதான் கையக் குடுத்துத் தூக்கி விட்டீங்க.’

பெரிய கிராணி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புத்தகத்திலேயே இல்லாத ஒன்றை, அதை எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை, அவள் சொல்லிவிட்டாள். இந்தியாவில் இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன், வயதானவராகத் தெரிந்தார்.

‘ரெண்டு சடையும் செவப்பு ரிப்பனும்,’ என்றார். ‘பெரிய பொம்பள பேரச் சொன்னா சின்னப் புள்ள கொரலு வரும். எனக்கு அப்ப இருபத்தி மூணு வயசும்மா. கங்காணிய எதுத்துப் பேச பயம்.’

அம்மாவைப் போகச் சொல்லிவிட்டு அவர் பென்சிலை எடுத்தார். சிவப்பு இல்லை, கறுப்பு. ஒரு மணி நேரம் எழுதினார், அடித்தார், திரும்ப எழுதினார். அவர் தன் எழுத்தைத் தானே அடிப்பதை நான் பார்த்ததேயில்லை. தாள் என் மேசைக்கு வந்தது. அதில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: இந்தப் பெண் பதிமூன்று வயதிலிருந்து இன்றுவரை இந்தத் தோட்டத்தில் இடைவிடாமல் வாழ்ந்தும் உழைத்தும் வந்திருக்கிறார். முதல் எட்டு வருஷம் செக்ரோலில் அவருடைய அத்தை பேர் எழுதப்பட்டது. அந்தத் தவறு இந்தப் பெண்ணுடையது அல்ல. அந்தச் செக்ரோலை எழுதியவன் நான்.

அம்மாவுக்கு ஹேஸ் போட்டிருந்தார். தனக்கு வெறும் ‘ஐ ரோட்’, எழுதினேன், அவ்வளவுதான். முந்தியாக இருந்தால் நான் அந்த இடத்திலும் ஒரு ஹேவ் சேர்த்து வாக்கியத்தை மெழுகியிருப்பேன். அவர் மெழுகவில்லை. நான் செய்தேன், அது நடந்தது, இனி அதை மாற்ற முடியாது என்று மொட்டையாக நின்றது அந்தச் சொல். டைப் அடிக்கும்போது கண்ணீர் மறைத்தது. மூன்று தாளை வீணாக்கினேன். அவரைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குப் பதிலாக டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். குடித்தார்.

துரை கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பெரிய கிராணியை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்தபோது கடிதத்தில் கையெழுத்து இருந்தது.

நேர்காணலுக்கு டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரி ரிங்லெட்டில் நிற்கும்; அதில் முன்னால் இடம் கேட்டு ஏறிக்கொண்டோம். அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டியிருந்தாள். வழி முழுக்க அவளுக்கு மலாயில் பதில் சொல்லப் பழக்கினேன். அவள் மலாய் காய்கறிச் சந்தை மலாய். விலை கேட்கவும் குறைக்கவும் போதும். என் பேர் இது, எனக்கு இத்தனை வயது, நான் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறேன் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். வளைவில் லோரி திரும்பும்போதெல்லாம் பாதி மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து.

அதிகாரி நடுத்தர வயதுக்காரர். கடிதத்தை மேசையில் விரித்து நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் திரும்ப மேலே போய்ப் படித்தார். அம்மாவின் கை என் கையைப் பிடித்திருந்தது. தேயிலைக் கறை ஏறிய விரல்கள் சில்லென்று இருந்தன. அடுத்தவள் பேரில் எதற்கு வேலை செய்தாய் என்று கேட்பார், அதற்கும் ஒரு பதில் பழக்கி வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. நாங்கள் பழகாத ஒன்றைக் கேட்டார். இந்த நாட்டில் எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள், அக்கா?

கணக்கைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு எண் மறந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தாள்.

‘சுடா லாமா, துவான்,’ என்றாள். ‘பெலும் ஹாபிஸ் லாகி.’

ரொம்ப காலம் ஆகிவிட்டது ஐயா, இன்னும் முடியவில்லை.

அதிகாரி அம்மாவையே பார்த்தார். பிறகு சிரித்தார், கேலி இல்லை, மனது விட்டுச் சிரித்தார். தாளில் என்னவோ எழுதி முத்திரை வைத்து, கடிதம் வரும், வந்ததும் வாருங்கள் என்றார். தாழ்வாரத்துக்கு வந்ததும் அம்மா என்னைத் தயங்கித் தயங்கிக் கேட்டாள், தப்பாச் சொல்லிட்டேனா என்று. இல்லை என்று தலையாட்டினேன். பன்னிரண்டு மாதமாக ஒரு ஹேவை எங்கே போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். அவள் கையை விடாமல் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

நீலக் கார்டு வர இன்னும் ஒரு வருஷம் ஆனது. அதற்குள் பெரிய கிராணி ஓய்வு பெற்றுவிட்டார், மாலை போட்டு நல்லபடியாகவே அனுப்பினார்கள். கார்டு கைக்கு வந்த அன்று அம்மா வேலைக்கு லீவு போடவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, சாமி படத்துக்கு முன்னால் கார்டை வைத்துக் கும்பிட்டாள். அவளுக்கு எழுதப் படிக்க வராது. என்னை ஒரு ஏர்மெயில் தாள் எடுக்கச் சொன்னாள்.

யாருக்கு என்று கேட்டேன். ஊரில் இருக்கும் அத்தைக்கு என்றாள். நலம் விசாரித்து எழுதினேன். மழையைப் பற்றி எழுதினேன். வேறென்ன எழுத என்று நிமிர்ந்தேன்.

‘எட்டு வருசம் ஒங்க பேர வச்சிருந்தேன் அத்த,’ என்றாள். ‘பத்திரமா வச்சிருந்தேன். இப்ப திருப்பிக் குடுத்துட்டேன்னு எழுது.’